கணினிக்குள் ஓடிய அரவை

"ஹலோ... சொல்லுடி. ...ஆமா, மில் ரூம்லதான் இருக்கேன். ...இப்பதான் நிறுத்தினோம். காது இன்னும் கொய்ங்னு இரையுது."

மாத்திரை ஆலையின் அரவை அறையில், முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அக்கா பேசினாள். அழைத்தவள் தங்கை. அதே ஆலையின் ஆராய்ச்சிப் பிரிவில், மருந்துத் தூள் மில்லுக்குள் எப்படி மோதும், எப்படி உடையும் என்று கணினியிலேயே ஓட்டிப் பார்த்து முன்கூட்டிச் சொல்பவள். அவள் சொன்ன வேகத்தில் நிஜ மில்லை ஓட்டிச் சரிபார்ப்பதுதான் இன்று அக்காவின் வேலை.

"...இருடி, பறக்காத. ...ம். ...ம். காலையிலயே மேனேஜர் சொல்லிட்டார், 'உங்க தங்கச்சி மூளையே மூளை'ன்னு. ...அம்மாவும்தான். வீட்டுல வேற பேச்சே கிடையாது! நீ நாற்காலியில உக்காந்து பொய் மில்ல ஓட்டுற. நான் என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நிஜ மில்ல ஓட்டுறேன், கேக்க ஒரு நாதி இல்ல. ...இல்ல, கோவமெல்லாம் இல்ல."

எதிரே திரையில் முடிவு வந்திருந்தது. தூள் எந்த அளவுக்கு உடையும் என்று தங்கை முன்பே வரைந்த கோடும், இன்று அளந்த துகள்களின் கோடும் துளியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன.

"...முடிவா? ...ஒத்துப்போகலடி. ...ஆமா. தூள் சூடாகி சல்லடையில அப்பிக்கிச்சு."

சொல்லிவிட்டாள். ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. ஒரே ஒரு கணம்தான்.

"...ஹலோ? ...இருக்கியா? ...ஏய், எதுக்குடி அழற? ...நாளைக்கு நீ முடிவச் சொல்ல வேண்டிய கூட்டமே வேண்டாம்னு சொல்லப் போறியா? இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாமே... ...என்னது? நான் ஓட்டினா தப்பு வராதா? ...என்னைய ஓட்டச் சொல்லி நீயா கேட்ட? 'எங்க அக்கா ஓட்டினாதான் நம்புவேன்'னு மேனேஜர்கிட்ட நீயா சொன்ன?"

அக்கா பக்கத்திலிருந்த காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"...அழாத. கேளு. பொய் சொன்னேன். ...பொய்டி! மயிரிழை பிசகல. அப்படியே இருக்கு. ...சத்தியமா!"

மறுமுனையில் எழுந்த கூச்சலுக்கு போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்தாள்.

"...ஏன்னு கேட்டா என்ன சொல்ல? வயித்தெரிச்சல். ...ஆமா, உன் மேலதான். ...சிரிக்காத, இன்னும் எரியுது. ...வரேன், கூட்டத்துக்கு வரேன். கைதட்டச் சொல்லாத. ...சரி சரி, ஒரு கை தட்டுறேன். ...தெரியும்டி, ஒரு கை தட்டினா ஓசை வராது. அதான் வேணும்! வை போன!"

வெடுக்கென்று இணைப்பைத் துண்டித்தாள்.