நீலப் பெட்டி வாங்கினவன்

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்துத்தான் பொருள் வாங்குகிறார்கள். இருபது வருடமாகத் திருப்பதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர் எத்தனை பக்கம் அடிக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வெள்ளையில் கிடைக்குமா என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் வருத்தப்படுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

என் பெயர் வெங்கடராகவன். விடிந்ததும் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிப்பேன், பத்து மணிக்குக் கடையைத் திறப்பேன். நாலாயிரம் பாசுரமும் அப்பாவிடம் சந்தை சொல்லிக் கற்றது. குரு ஒரு தரம் சொல்வார், சிஷ்யன் இரண்டு தரம் திருப்பிச் சொல்வான். அதற்குப் பெயர் சந்தை. அப்படி உள்ளே போனது ஆயுசுக்கும் மறக்காது.

கோபிகிருஷ்ணன் விஷயத்தைத்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

கங்காதர நெல்லூர்ப் பையன். அவன் அப்பா கங்கையா அடுத்தவன் கரும்புக் கொல்லையில் கூலிக்கு வெட்டி, பிறகு சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கினவர். கோபி பெங்களூரில் ஏழு வருடம் உழைத்து மிச்சம் பிடித்ததையெல்லாம் பிட்காயினில் போட்டிருந்தான். எங்கோ ஒரு எக்ஸ்சேஞ்ச் கம்பெனி, ஜனங்கள் வைத்திருந்த பிட்காயினோடு மூழ்கியது என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தான். பிட்காயின் சாவியைப் பூட்டி நம் கையிலேயே வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி, ஹார்டுவேர் வாலட், வாங்க வேண்டும், எது நல்லது என்றான்.

இரண்டு மணி நேரம் விளக்கினேன். காப்பிகூட நான்தான் வரவழைத்தேன். கறுப்புப் பெட்டி, நீலப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே உருவாக்கித் தருவது இருபத்துநாலு ஆங்கிலச் சொற்கள். பெட்டி உடைந்தாலும் தொலைந்தாலும் அந்தச் சொற்கள் இருந்தால் பணம் திரும்பிவிடும். கறுப்பில் பின் நம்பரைத் தப்பாகப் போட்டால் பதினாறு தடவை பொறுக்கும். சொற்களை மூன்று சீட்டாகப் பிரிக்கலாம், ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டும் போதும். நீலம் மூன்றாவது தப்பிலேயே தன்னைத் துடைத்துக்கொள்ளும், சீட்டும் ஒன்றுதான். ஞாபகமறதிக்காரன் கறுப்பைத்தான் வாங்க வேண்டும் என்றேன். தலையாட்டினான்.

அடுத்த வாரம் நீலத்தோடு வந்து நின்றான். அவனுடைய ஃபிரண்டு ஹரிபாபு போனில் சொன்னானாம், மூவாயிரம் குறைச்சலாம், பார்க்க ஸ்டைலாக இருக்கிறதாம்.

"சாமிக்கு பாசுரம் தெரியும். இதெல்லாம் ஹரிபாபுகாருக்குத்தான் தெரியும்" என்று சிரித்தான். கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். கோபப்படுவதற்கு எதிராளிக்குக் கொஞ்சமாவது தகுதி வேண்டாமா?

சிரித்து முடித்ததும் அதை செட்டப் பண்ணித் தர என்னிடமே நீட்டினான். ஹரிபாபு ஹைதராபாத்தில் இருக்கிறானாம். சின்னத் திரை, எழுத்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீங்கள் படியுங்கள் என்றான். இந்தச் சொற்கள் இன்னொருத்தர் கண்ணில் படக்கூடாது என்று முறையாக எச்சரித்தேன்.

"நீங்களா சாமி இன்னொருத்தரு?" என்றான்.

நான் ஒவ்வொன்றாக ஒரு தரம் சொன்னேன். தப்பு வரக்கூடாது என்று அவன் இரண்டு தரம் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து வந்தபோது பேப்பரை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னான். "முடுப்புல வெச்சிட்டேன் சாமி. எங்க வூட்ல அத்த யாரும் தொட மாட்டாங்க. திருடன்கூட தொட மாட்டான்."

அவனுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று அவன் அம்மா ரத்னம்மா ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து படத்தடியில் வைத்திருந்தாள். அதுதான் முடுப்பு. வேலை கிடைத்து ஏழு வருடமாகியும் செலுத்தவில்லை. அந்த மூட்டைக்குள் பேப்பரைச் செருகியிருக்கிறான். முடுப்பு என்றைக்காவது எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. கங்கையாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. சென்னையில் ஆபரேஷன், கோபியே தன் ஈரலில் பாதியைக் கொடுப்பதாக ஏற்பாடு. ரத்னம்மா என் கடைக்கு வந்தாள்.

"நேர்த்தி பாக்கி வெச்சிக்கினு இருக்கிறோம் சாமி, அதான் அவுரு படுத்துட்டாரு. முடுப்ப செலுத்திட்டா சரியாயிடும் இல்ல?"

"செலுத்திடும்மா, தள்ளிப்போடாதே" என்றேன். ஒரு ஸ்ரீவைஷ்ணவன் வேறென்ன சொல்வான்? தரிசன டிக்கெட்டும் நானே ஆன்லைனில் போட்டுக் கொடுத்தேன், பகல் பன்னிரண்டு மணிக்கு. கோபிக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அலைகிறவனுக்கு இது வேறா என்று.

அவள் மலைக்குப் போகிற அதே நாளில் கோபி வந்து நிற்பான் என்று நான் கண்டேனா? காலை பத்தரைக்கு சென்னையிலிருந்து நேராக வந்தான். கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வாரமே பணம் கட்டச் சொல்கிறார்கள். பெட்டியின் பின் நம்பர் மறந்துவிட்டது. இரண்டு தடவை தப்பாகப் போட்டிருந்தான், மூன்றாவதைப் போட பயம்.

"போட்டுப் பார்" என்றேன். "துடைத்தால் துடைக்கட்டும். பேப்பர்தான் வீட்டில் இருக்கே."

கடிகாரத்தைப் பார்த்தேன். ரத்னம்மா அப்போது மலையேறும் பஸ்ஸில் இருந்திருப்பாள். ஒரு போன் போதும், அவளிடம் போன் இருந்தது. கோபி கண்ணை மூடி, அப்பாவை நினைத்து 'நைனா' என்று முனகிவிட்டு நம்பரைப் போட்டான். நீலப் பெட்டி நான் சொன்னபடியே நடந்துகொண்டது. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறுக்கவில்லை.

அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது படத்தடி காலியாக இருந்தது. உண்டியலில் விழுந்தது விழுந்ததுதான். பிட்காயின் பணம் போட்ட இடத்தில் அப்படியேதான் இருக்கிறது, அவன் போனிலேயே தெரிகிறது. கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிற லட்டு மாதிரி பார்க்கலாம், எடுக்க முடியாது.

மூன்று நாள் கழித்து அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். ரத்னம்மா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதானே சாமி படிச்சீங்க. கொஞ்சமாச்சும் ஞாபகம் வரலியா?"

"இருபத்துநாலு சொல்லம்மா. இரண்டு வருஷமாச்சு. மனுஷனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றேன்.

"எழுதின எனக்கே இல்ல, சாமிய ஏன் கஷ்டப்படுத்துற" என்று கோபி அவளைத் தூக்கினான். நான் நாலாயிரம் பாசுரம் சொல்கிறவன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எந்தப் பெட்டி கிடைத்துத்தான் என்ன?

நிலத்தை விற்க அலைந்தார்கள். பத்திரத்தில் ஏதோ வில்லங்கம், விலை படியவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் கங்கையா போய்விட்டார். தன் கையாலேயே புருஷனை உண்டியலில் போட்டுவிட்டதாக ரத்னம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம்.

பணத்துக்காக என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒரு பைசா நான் தொடவில்லை. வேண்டுமானால் இப்போதே பாருங்கள், அப்படியே இருக்கும். தொடுவதற்கு எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆரஞ்ச், ரிவர், லேடர் என்று தொடங்கி இருபத்துநாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றன. சில நாள் சாற்றுமுறை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வரும்போது தாமாகவே வாயில் வருகின்றன. அவள் கேட்ட அன்றும் வந்தன. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு 'எப்படி ஞாபகம் இருக்கும்' என்றேன். நிஜமாகவே மறந்துவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

நான் செய்தது என்ன? நல்ல பொருளைச் சொன்னேன். ஆபத்தைச் சொன்னேன். நேர்த்தியைச் செலுத்தச் சொன்னேன். இதில் எது தப்பு என்று பிரித்துக் காட்டுங்கள்.

போன வாரம்கூட ரத்னம்மா வந்தாள். இளைத்துத் துரும்பாகிவிட்டாள். தோட்டத்து மாம்பழம் ஒரு பை கொண்டுவந்திருந்தாள்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல சாமி. ஞாபகம் இருந்திருந்தா நீங்க சொல்லியிருக்க மாட்டீங்களா?" என்றாள்.

பழம் நல்ல ருசி. பிள்ளை மறுபடி பணம் சேர்த்தால் இந்தத் தடவையாவது கறுப்பை வாங்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன். கேட்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.