கார்ஹோப் மேட்டில் விட்ட கல்

மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசி. இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஏறும் கார்ஹோப் மலைச்சாலை. ஆடுகள்கூடப் பட்டிக்கு இறங்கிவிட்ட நேரம். அந்தச் சாலையில் ஒரே ஒரு சுற்றுலாப் பேருந்து, இரண்டாம் கியரில் முனகியபடி ஏறிக்கொண்டிருந்தது.

ஓட்டியவர் ஆர்ச்சி. என் நண்பன் நீல் இருக்கிறானே, அவனுடைய தாய்மாமா. நம்பாதவர்கள் அவர் ஊரான பீபிள்ஸுக்குப் போய் அவரையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சொல்லமாட்டார். நீலிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும்... விளக்கை அணைக்க விடாமல்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

பேருந்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கவிஞர்கள் வாழ்ந்த வீடுகள், இடிந்த மடாலயங்கள், ரத்தம் சிந்திய போர்க்களங்கள் என்று ஸ்காட்லாந்தில் தொடங்கி, இங்கிலாந்தின் ஏரிகள் வரை போய்த் திரும்பும் ஒரு வாரச் சுற்றுலா. வழிகாட்டி எல்ஸ்பெத், ஆர்ச்சியின் கடைசித் தங்கை, நீலுக்குச் சித்தி.

"ஆர்ச்சி, நாங்க வேணா இறங்கித் தள்ளட்டுமா?" பின்னாலிருந்து கத்தினார் லீட்ஸிலிருந்து வந்த மிஸஸ் தார்ன்டன்.

"தள்ளுங்க மேடம். காலைல நாலு சாசேஜ் உள்ள போச்சே, அதுக்கு ஒரு வேலை வேணாமா?"

பேருந்தே சிரித்தது. எல்ஸ்பெத் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை ஒரு மடாலயத்தில், செத்துப்போன கணவன் வந்து கதவைத் தட்டும் பழைய பாட்டு ஒன்றை வாசித்தவள், பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டாள். காற்றில் பக்கம் புரள்கிறது, எழுத்து தெரியவில்லை என்றாள்.

காற்றே இல்லை அன்றைக்கு.

மேட்டின் உச்சியில் பேருந்து நின்றது. சாலையோரம், மார்பளவு உயரத்துக்கு ஒரு கற்குவியல்.

அந்தக் காலத்தில் தெற்கே சண்டைக்குப் போன பள்ளத்தாக்கு ஆட்கள், போகும்போது ஆளுக்கொரு கல்லை அங்கே வைத்துவிட்டுப் போவார்களாம். உயிரோடு திரும்பியவன் தன் கல்லை எடுத்துக்கொள்வான். எடுக்கப்படாத கற்கள்தான் அந்தக் குவியல். எல்ஸ்பெத்தின் சுற்றுலாவிலும் அதே வழக்கம். போகும்போது எல்லோரும் ஒரு கல் வைக்கவேண்டும், வரும்போது எடுக்கவேண்டும். சட்டம் ஒன்றுதான்: உன் கல்லை மட்டும் தொடு. அடையாளம் தெரியவில்லையா, விட்டுவிடு. அடுத்தவன் கல்லை எடுக்காதே. பல வருடங்களாக மைக்கில் அவள் சொல்லிவரும் சட்டம்.

இந்தத் தடவை போகும்போது ஆர்ச்சியையும் அவள் விடவில்லை. "டிரைவருக்குத் தனிச் சட்டம் கிடையாது" என்று இழுத்துப் போனாள். முணுமுணுத்துக்கொண்டே கையில் கிடைத்ததை அவரும் வைத்தார்.

போன வருடம் வரை அந்தப் பேருந்தை ஓட்டியவர் எல்ஸ்பெத்தின் கணவர் ரோரி. அவருக்கென்று ஒரு வெள்ளைக் கல் உண்டு. ஓரம் உடைந்து, விழுந்த பல் மாதிரி இருக்கும். எல்ஸ்பெத்தின் கல் சாம்பல் நிறம், நடுவில் ஒரு சிவப்பு நரம்பு. மற்ற நாளெல்லாம் இரண்டும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ரோரியின் வாயில் எப்போதும் பெப்பர்மின்ட். எல்லோரும் ஏறியதும் வெளியே நின்று மோதிரத்தால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். டொக்... டொக். கிளம்பலாம் என்று அர்த்தம். பிறகுதான் தான் ஏறுவார்.

போன அக்டோபரில் ரோரி கல்லை வைத்துவிட்டுத் தெற்கே போனார். ஏரிக்கரை விடுதி ஒன்றில் இரவு படுத்தார். காலையில் எழவில்லை. உடல் வேறு வழியில், நெடுஞ்சாலையில் ஊர் வந்து சேர்ந்தது.

வெள்ளைக் கல் மட்டும் கார்ஹோப் மேட்டிலேயே கிடந்தது.

ஆர்ச்சி இறங்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர்கள் பிள்ளைகள் மாதிரிக் கூச்சலிட்டுத் தங்கள் கற்களைத் தேடி எடுத்தார்கள். கடைசியாக எல்ஸ்பெத். குனிந்தாள், எடுத்தாள், கோட்டுப் பையில் போட்டாள்.

நின்றாள்.

மறுபடியும் குனிந்தாள்.

ஏறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது. ஆர்ச்சி கியரில் கை வைத்தார்.

டொக்... டொக்.

வெளியிலிருந்து.

இறக்கத்தில் போகும்போது மிஸஸ் தார்ன்டன் கத்தினார். "கடைசி சீட்ல யாருப்பா ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கறது? எலும்பு விறைக்குது!"

திறக்கவே முடியாத ஜன்னல்கள் அவை. கடைசி சீட்டில் ஆளும் இல்லை. ஆர்ச்சி ஹீட்டரைக் கூட்டினார். சூடு வரவில்லை. வாசனைதான் வந்தது. நனைந்த கம்பளி... அதோடு பெப்பர்மின்ட்.

எல்லோரையும் இறக்கிவிட்டுப் பேருந்தைப் பெருக்கும்போது கடைசி சீட்டில் கை வைத்தார். பஞ்சு முழுக்க ஊறியிருந்தது. அந்த வாரம் முழுவதும் மழையே இல்லை.

மூன்று நாள் கழித்துத் தங்கையைப் பார்க்கப் போனார். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேஜையில் இரண்டு கோப்பைத் தேநீர். ஒன்று ஆறிப்போய், ஆடை கட்டியிருந்தது.

"யாருக்கு ரெண்டாவது கோப்பை? ஆள் பிடிச்சிட்டியா? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ரோரியோட கல்லை எடுத்துட்டேன், ஆர்ச்சி."

"பார்த்தேன்." ஆர்ச்சி உட்கார்ந்தார். "ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிட்டு, நீயே இப்படிப் பண்ணலாமா?"

"ஒரு வருஷமா அவர் அந்த மேட்டுல கிடக்கறார். நான் இங்க கணப்புகிட்ட குளிர் காயறேன். மறுபடியும் விட்டுட்டு வரச்சொல்றியா?"

கேட்கக்கூடாது என்று நினைத்ததை ஆர்ச்சி கேட்டுவிட்டார்.

"வந்துட்டானா?"

"வாசல் வரைக்கும்." எல்ஸ்பெத்தின் குரலில் பயமே இல்லை. அதுதான் ஆர்ச்சிக்கு என்னவோ செய்தது. "இருட்டினதும் தட்டறார். திறந்தா ஆள் தெரியல. படி நனைஞ்சிருக்கு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறார். நடுங்கறார், ஆர்ச்சி. பல்லு அடிச்சுக்கறது கேக்குது. ஒரே கேள்விதான் கேக்கறார், 'எல்லாரும் ஏறியாச்சா?'ன்னு. ஆச்சுங்கறேன். 'நீ?'ங்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் எதுவும் சொல்லல."

ஆர்ச்சி எழுந்து தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா போன அன்று, இவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பத்து வயதில் சொன்னவர். இன்றும் அதே பிடி. "இது அவன் வீடு திரும்பறது இல்லம்மா. நீ அவனை வாசல்ல நிக்க வெச்சிருக்கே. கொண்டுபோய் வெச்சிடலாம். வெச்சிட்டு நேரா என் வீடு. சூப் வெச்சிருக்கேன், பார்லி போட்டு."

"சரி" என்றாள். உடனே சரி என்றாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும் என்று நீலிடம் சொன்னாராம்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், ஆர்ச்சியின் கார் கார்ஹோப் மேட்டில் நின்றது. மூடுபனி. கற்குவியல் இருப்பதே தெரியவில்லை.

"நானும் வர்றேன்."

"வேணாம். எடுத்தவதான் வைக்கணும்." கதவைத் திறந்தவள் திரும்பினாள். அண்ணனின் கழுத்துத் துணியை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டாள். "நீ குளிர்ல இறங்காதே. நெஞ்சு தாங்காது உனக்கு."

பனிக்குள் போனாள். ஷூவுக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம். பிறகு கல்லோடு கல் உரசும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

டொக்... டொக். காரின் கூரைமேல்.

பக்கத்துக் கதவு திறந்தது. சில்லென்று காற்று. கதவு மூடியது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மங்கிவிட்டது. ஓரக்கண்ணில் தெரிந்தது, காலரைத் தூக்கிவிட்டுக் குறுகி உட்கார்ந்த ஓர் உருவம்தான். ஆர்ச்சி கார் எடுத்தார். வழியெல்லாம் அவரேதான் பேசிக்கொண்டு வந்தார். சூப்பைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, அடுத்த வருடச் சுற்றுலாவைப் பற்றி. பதில் இல்லை. அழுகிறாள், அழட்டும் என்று விட்டுவிட்டார். கார் முழுக்கப் பெப்பர்மின்ட் வாசனை. இவளும் அதைச் சப்ப ஆரம்பித்துவிட்டாளா என்று நினைத்தபோது அவருக்கே கண் கலங்கியது.

வீட்டு வாசலில் நிறுத்தி, சுற்றி வந்து, அவள் பக்கக் கதவைத் திறந்தார்.

யாரும் இல்லை.

சீட் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நடுவில், ஓரம் உடைந்த அந்த வெள்ளைக் கல்.

அன்று இரவே போலீஸ் போனது. ஊர் ஆட்கள் டார்ச்சோடு போனார்கள். நாய்கள் கற்குவியலுக்குப் பத்தடி முன்னால் படுத்துக்கொண்டு நகர மறுத்தன. சேற்றில் எல்ஸ்பெத்தின் ஷூத் தடம் குவியல் வரை போயிருந்தது. திரும்பி வரவில்லை. குவியலின் உச்சியில் சாம்பல் நிறக் கல் ஒன்று. நடுவில் சிவப்பு நரம்பு.

பனியில் கல் மாறியிருக்கும் என்று போலீஸ்காரர் சொன்னார். ஆர்ச்சி தலையாட்டினார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இரண்டு கல்லையும் தடவிப் பார்த்துச் சொல்லக்கூடியவள் அவள். அதை அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஆர்ச்சியின் வாசலில் அந்தத் தட்டல். அவர் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். 'எல்லாரும் ஏறியாச்சா?' என்ற கேள்வி நின்றுவிட்டது. இப்போது வேறு கேள்வி.

'எல்ஸ்பெத் எங்க?'

நாலாவது நாள் தாங்க முடியாமல், பட்டப்பகலில் வெள்ளைக் கல்லை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். தங்கையின் கல் எதிரே இருந்தது. கை தானாக அதன்மேல் போனது. எடுத்தால் வருவாள். நிச்சயம் வருவாள். வாசல் வரை. நனைந்துபோய், நடுங்கிக்கொண்டு, உள்ளே வராமல்.

எவ்வளவு நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு கையை எடுத்தார். வெள்ளைக் கல்லை அதன் பக்கத்தில், ஒட்டி உட்காரும்படி வைத்தார். காருக்குத் திரும்பி, கதவை மூடிக்கொண்டார்.

டொக்... டொக்.

கொஞ்சம் இடைவெளி. அப்புறம், இன்னும் மெதுவாக, இன்னொரு கை.

டொக்... டொக்.

கிளம்பு என்று அர்த்தம். ஆர்ச்சி கிளம்பினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றபிறகுதான் பக்கத்து சீட்டில் கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டேதான் அன்றைக்கு அப்படி அழுதாராம்.

ஆர்ச்சி சொல்லி நிறுத்தியதும், கதை முடிந்தது என்று நீல் எழுந்தான். கோட்டை மாட்டும்போது அவனுக்கு ஒன்று உறைத்தது.

"மாமா... சுற்றுலா கிளம்பினப்ப நீங்களும் ஒரு கல் வெச்சீங்களே. திரும்பி வரும்போது நீங்க வண்டியை விட்டு இறங்கவே இல்லையே?"

ஆர்ச்சி கையைக் கணப்புக்கு இன்னும் கிட்டே நீட்டினார்.

"அது அங்கயே இருக்கட்டும்டா" என்றார். "அவங்க ரெண்டு பேருக்கும் துணையா."

விடைபெறும்போது நீல் அவர் கையைப் பிடித்தான். சாயங்காலத்திலிருந்து நெருப்புக்கு எதிரே நீட்டி வைத்திருந்த கை.

சில்லென்று... நனைந்து இருந்ததாம்.