பிள்ளையார் குடித்த கரண்ட்

சிந்து: விடுங்கோ... விடுங்கோ அந்தப் பட்டனை! அமத்த அமத்த, இருக்கிற கொஞ்சமும் போயிடும்.

வசீகரன்: இல்லை, இந்தமுறை பிடிக்கும். பாருங்கோ...

சிந்து: டிக், டிக், டிக். பல்லி சொல்லுது.

வசீகரன்: நல்ல சகுனமோ, கெட்ட சகுனமோ?

சிந்து: உங்கட பைக்குக் கெட்ட சகுனம். எங்கட கலியாணப் பேச்சுக்கு எப்பிடியெண்டு உங்கட அம்மா போன் எடுக்கேக்க தெரியும்.

வசீகரன்: ஞாபகப்படுத்தாதேங்கோ. இப்ப எடுப்பா. பிள்ளையைப் பாத்தாச்சு, ஓமோ இல்லையோ, ஒரு சொல்லில சொல்லு எண்டு நிப்பா.

சிந்து: என்ன சொல்லப் போறியள்?

வசீகரன்: இந்தக் கடைக்குள்ள ஒரு தோசை சாப்பிடுற நேரம்தானே கதைச்சம்... நீங்கள் என்ன சொல்லப் போறியள்?

சிந்து: முதல் கேட்டது நான்.

வசீகரன்: முதல் இது ஸ்ராட் ஆகட்டும். மழையும் தொடங்கிட்டுது. நீங்கள் நனையாமல் போங்கோ சிந்து, நான் சமாளிப்பன்.

சிந்து: பரவாயில்லை. நீங்கள் வெளிக்கிட்டாப் பிறகு போறன்.

வசீகரன்: உங்கட கார் எங்க நிக்குது?

சிந்து: அங்கால... பின் லேனில. அதை விடுங்கோ. பைக் எல்லாம் வித்தாச்சு எண்டெல்லோ உங்கட அம்மா எங்கட அம்மாட்டச் சொன்னவ?

வசீகரன்: அம்மா பொய் சொல்லேல்லை. வித்தாச்சு எண்டு அம்மாட்டச் சொன்னது நான்.

சிந்து: அப்ப இது?

வசீகரன்: இது இல்லாத பைக். மவுண்ட் ஆல்பர்ட்டில கீதன் எண்டு என்ர சிநேகிதன். அவன்ர கராஜுக்க பழைய பெட்சீற்றால மூடி நிக்குது. வந்த சம்பந்தம் எல்லாம் பைக்காலதான் குழம்பினது. கடைசியா வந்தவை, குளிர் காலத்தில வழுக்கிற றோட்டில எங்கட பிள்ளை விதவையாப் போயிடும் எண்டு சொன்னவையாம். கலியாணத்துக்கு முதலே என்னைச் சாகடிச்சுப் போட்டினம்.

சிந்து: ஹாஹா... ஐயோ சொறி. சிரிக்கக்கூடாது.

வசீகரன்: சிரியுங்கோ. கடைக்குள்ள இருந்த நேரம் முழுக்க ஒருக்காலும் சிரிக்கேல்லை.

சிந்து: நீங்கள் வீட்டுக் கடன், மோட்கேஜ் வட்டி வீதம் பற்றியெல்லோ கதைச்சனீங்கள்! அதுக்கு எந்த இடத்தில சிரிக்கிறது?

வசீகரன்: பொறுப்பான பெடியன் மாதிரிக் கதை எண்டு அம்மா சொல்லி விட்டவ.

சிந்து: சரி, பொறுப்பான பெடியன், கீழ இறங்குங்கோ. சீற்றைக் கழட்டுங்கோ. பற்றறி அதுக்குக் கீழதானே? ம்... டேர்மினல்ல துருப் பிடிச்ச பூப்பு ஒண்டும் இல்லை. வயரும் இறுக்கமாத்தான் இருக்கு. காலமை எப்பிடி ஸ்ராட் பண்ணினீங்கள்?

வசீகரன்: கீதன் தன்ர காரில இருந்து கரண்ட் குடுத்தவன்.

சிந்து: அங்கயிருந்து இந்தச் சான்ட்ரிங்ஹாம் கடைக்கு எவ்வளவு தூரம்? அந்த ஓட்டத்துக்குப் பற்றறி எங்க சார்ஜ் ஆகும்? அதுவும் இந்தக் குளிருக்க, அதுக்குப் பாதி உயிர்தான்... ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

வசீகரன்: டேர்மினல், பூப்பு, சார்ஜ்... இதெல்லாம் எப்பிடி?

சிந்து: அண்ணா சொல்லுவார்.

வசீகரன்: ஒரே பிள்ளை எண்டெல்லோ குறிப்போட எழுதி வந்தது?

சிந்து: பெரியம்மான்ர மகன். அவர் அண்ணா இல்லையோ?

வசீகரன்: ஓம் ஓம். அண்ணாதான்.

சிந்து: கடைசியா எப்ப ஓடினனீங்கள்?

வசீகரன்: ஒரு மாசம் இருக்கும். அம்மா கோயிலுக்குப் போற நாளாப் பாத்துத்தானே எடுக்கலாம்.

சிந்து: ஒரு மாசம் சும்மா நிண்டதுக்கு இப்பிடி ஒரேயடியாச் செத்துப் போகாதே... ஏதோ இதைக் குடிக்குது. பொறுங்கோ. திறப்பு எங்க?

வசீகரன்: என்ர பொக்கற்றுக்க.

சிந்து: அப்ப மீற்றருக்குக் கீழ சிவப்பா மினுங்கிறது என்ன?

வசீகரன்: அது பிள்ளையார்.

சிந்து: திறப்பு உங்கட பொக்கற்றுக்க. பிள்ளையார் ஆற்ற கரண்டில மினுங்கிறார்?

வசீகரன்: ...ஐயோ.

சிந்து: ஆர் பூட்டினது?

வசீகரன்: பைக் வாங்கின உடன கோயில்ல வாகனப் பூசை. தேங்காய் உடைச்சு, தேசிக்காய் நசிச்சு, எல்லாம் முடிய, அம்மா பையுக்க இருந்து இவரை எடுத்தா. கொழும்பில இருந்து எடுப்பிச்சவராம். றெஜினோல்ட் எண்டு ஒரு எலக்றீசியன் பெடியன் கோயில் கார் பாக்கில வைச்சுப் பூட்டினவன். அவன் அப்பவே சொன்னான், திறப்பைத் திருப்பினா மட்டும் எரியிற மாதிரிப் பூட்டுறன் எண்டு.

சிந்து: அம்மா விடேல்லையாக்கும்.

வசீகரன்: "நீ நிப்பாட்டினா சாமின்ர வெளிச்சத்தையும் நூத்துப் போடுவியோ? இரவில கள்ளன் வந்தா ஆர் காவல்?" எண்டு நிண்டா. அவன் பாவம், வேதக்காரப் பெடியன். எங்கட சாமி விசயத்தில வாய் குடுக்கப் பயந்து, நேர பற்றறியில குடுத்திட்டான்.

சிந்து: நீங்கள் நெடுக ஓடேக்க அது தெரியேல்லை. வித்தாச்சு எண்டு ஒளிச்சு வைச்ச பிறகு, பிள்ளையார் பெட்சீற்றுக்குக் கீழ இருந்து இரவு பகலாக் குடிச்சிருக்கிறார்!

வசீகரன்: அம்மாக்குப் பொய் சொன்னதுக்குத் தண்டனை.

சிந்து: வயரைக் கழட்டி விடுங்கோ.

வசீகரன்: நானோ? இண்டைக்கோ? நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில பிள்ளையாரை நூக்கச் சொல்லுறியள்?

சிந்து: படிச்ச ஆள்தானே நீங்கள்?

வசீகரன்: நீங்களும் படிச்ச ஆள்தானே. இந்தாங்கோ, குறடு. கழட்டுங்கோ பாப்பம்.

சிந்து: ...வேண்டாம். அவர் பாட்டுக்கு இருக்கட்டும்.

வசீகரன்: அதுதானே! கரண்ட் குடுக்கிற ஜம்ப் லீட் வயர் கீதன் தந்து விட்டவன், இருக்கு. உங்கட காரை இதில கொண்டு வந்தியள் எண்டா ஒரு நிமிச வேலை.

சிந்து: கார்... அதுக்கு முன்னால ஒரு வான் மறிச்சுக்கொண்டு நிக்குது.

வசீகரன்: கடைக்காரரைக் கேட்டு எடுப்பிக்கிறன்.

சிந்து: வேண்டாம், போகாதேங்கோ! வந்து... அந்த வான்காரர் நித்திரை.

வசீகரன்: பட்டப்பகல்ல?

சிந்து: இரவு வேலை செய்யிறவர் போல... போன் அடிக்குது, எடுங்கோ எடுங்கோ.

வசீகரன்: அம்மா! கையெல்லாம் ஈரம்... ஸ்பீக்கரிலதான் வருது. மூச்சு விடாதேங்கோ. ஹலோ, அம்மா?

சரோஜாதேவி: என்னடா வசீ, பிள்ளை எப்பிடி? ஓமோ, இல்லையோ?

வசீகரன்: கொஞ்சம் பொறுங்கோ அம்மா...

சரோஜாதேவி: என்னத்தைப் பொறுக்கிறது? சிந்துவின்ர தாய் மற்றப் போனில நிக்கிறா. நாங்கள் சொல்லும் மட்டும் தாங்கள் வாய் திறக்கமாட்டினமாம். எவ்வளவு நேரத்துக்கு அவவோட மழையைப் பற்றியே கதைக்கிறது?

வசீகரன்: இன்னும் ஒரு விசயம் கதைக்கக் கிடக்கு.

சரோஜாதேவி: வலு அடக்கமான பிள்ளையடா. பஸ்ஸில கூட யன்னல் பக்கம் இருக்காதாம். காத்து எண்டாப் பயமாம்.

வசீகரன்: காத்து எண்டாப் பயமாமோ?

சரோஜாதேவி: ஓம். உனக்கு அப்பிடி ஒண்டுதான் வேணும். காரிலதானே போனனீ?

வசீகரன்: கார்... எல்லாம் பத்திரமா நிக்குது அம்மா. இப்ப எடுக்கிறன், வையுங்கோ.

சிந்து: இனி மூச்சு விடலாமோ?

வசீகரன்: காத்து எண்டாப் பயமோ உங்களுக்கு?

சிந்து: எங்கட அம்மா கதை எழுதினா நல்லா வருவா.

வசீகரன்: அப்ப பயமில்லை.

சிந்து: ஜம்ப் லீட்டைத் தாங்கோ, வசீகரன்.

வசீகரன்: வான்காரர் எழும்பிட்டாரோ?

சிந்து: வானும் இல்லை, காரும் இல்லை. கார் ஓட எனக்கு லைசென்சே இல்லை. பின் லேனில நிக்கிறது என்ர பைக். எப்சமில இருந்து வேலைக்கு நான் அதிலதான் போறனான். மழையோ, குளிரோ, பேய்க் காத்தோ.

வசீகரன்: ம்.

சிந்து: இதைக் கேட்ட உடன, பொருந்தின குறிப்புப் பொருந்தேல்லை எண்டு போனவை இருக்கினம். ஒருத்தர் தானும் பைக் ஓடுற ஆள். அவருக்குப் பின் சீற்றில இருக்கிற பொம்பிளைதான் வேணுமாம். இனி என்னால ஏலாது, இண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காத எண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. நீங்கள் போனாப் பிறகு நைசா எடுத்துக்கொண்டு போவம் எண்டுதான் நனைஞ்சு நனைஞ்சு நிண்டனான். இப்ப எல்லாம் தெரியும்தானே? உங்கட அம்மாக்கு இல்லையெண்டு சொல்லுங்கோ. எனக்குக் கோவம் வராது. வந்தாலும் என்ர பைக்கில இருந்து கரண்ட் குடுத்து, இதை ஸ்ராட் பண்ணித் தந்திட்டுத்தான் போவன்.

வசீகரன்: இதெல்லாம் எனக்கு முதலே தெரியும்.

சிந்து: என்ன தெரியும்?

வசீகரன்: நீங்கள் கடைக்குள்ள வரேக்க பொட்டு நெத்தியில இருந்து புருவம் வரைக்கும் இழுபட்டுக் கிடந்தது. ஹெல்மெற் கழட்டேக்க என்ர சந்தனமும் அப்பிடித்தான் போறது.

சிந்து: ஐயையோ! அவ்வளவு நேரமும் அப்பிடியோ இருந்தனான்? சொன்னா என்ன?

வசீகரன்: சொன்னாத் துடைச்சிருப்பியள்.

சிந்து: கள்ளன்! தெரிஞ்சுகொண்டே கார் எங்க, கார் எங்க எண்டு...

வசீகரன்: நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பாத்தனான். வான்காரரை நித்திரையாக்கினதும், இனிச் சொல்லமாட்டியள் எண்டு கொஞ்சம் பயந்து போனன். இந்தா, அம்மா திருப்பி எடுக்கிறா. சிந்து, நான் ஓம் எண்டு சொல்லப் போறன். உங்கட பதில் தெரியாமல் சொல்லலாமோ?

சிந்து: தாராளமாச் சொல்லுங்கோ. என்ர பதில் எங்கட வீட்டுக்கு எப்பவோ போயிட்டுது.

வசீகரன்: எப்ப? என்னோடயெல்லோ நிண்டனீங்கள்?

சிந்து: உங்களைச் சந்திக்க முதலே. தோசையைச் சாப்பிட்டிட்டு வேண்டாம் எண்டு சொல்லுறது எண்ட முடிவோடதான் வெளிக்கிட்டனான். பின் லேனுக்குத் திரும்பேக்க பாத்தன். படத்தில கோட்டும் ரையுமா நிண்ட மாப்பிள்ளை, கடைக்குப் பக்கத்தில அங்கயும் இங்கயும் பாத்து, ஹெல்மெற்றைக் குப்பை வாளிக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறார். அந்த இடத்திலயே பைக்கில இருந்தபடி அம்மாக்கு மெசேஜ் போட்டிட்டன், "ஓம்" எண்டு.