துணிக்கு அந்தப்பக்கம்

— முடியாதுன்னா முடியாது பவுனு. நேத்து ஒருக்க வந்து பாத்தாச்சு. படத்துல வர்றவன் என் தம்பி இல்லன்னு சொல்லியாச்சு. திரும்பவும் சினிமாக் கொட்டாயிக்கு வாங்கன்னு கையப் புடிச்சு இழுத்தா நான் என்ன செய்ய?

— இன்னைக்கோட கடைசி மதினி. திருவிழாக் கூட்டம் கலைஞ்சிருச்சு. விடிஞ்சா கொட்டாயப் பிரிச்சு வண்டியில ஏத்திருவாக. அப்புறம் எந்த ஊருக்குப் போறாகளோ.

— போகட்டும். போனாத்தான் நீ உருப்படுவ. ஊரு சனமெல்லாம் ராசா ராணி படத்தப் பாக்க வருது. நீ ஒருத்தி மொதல்ல போடுற யுத்தத் துண்டுப் படத்தப் பாத்துட்டு, ராசா வர்றதுக்குள்ள எந்திரிச்சு வந்துடுற. வாசல்ல கடலை விக்கிறவன் கூட உன்னையப் பாத்துச் சிரிக்கிறான்.

— ராசாவப் பாத்து நான் என்ன செய்யப் போறேன்?

— அடி இவளே, நல்ல படந்தான்டி அது. நேத்து நீ அழுதுக்கிட்டே வெளிய போயிட்ட. நான் குடுத்த காசு வீணாப் போகக் கூடாதேன்னு முழுசும் பாத்தேன். அந்த ராணி காட்டுக்குள்ள ஒத்தையா நின்னு பாடுறா பாரு, அதுக்காகவே ஒரு தரம் பாக்கலாம். சண்டைக்குப் போன ராசா செத்துட்டான்னு நாடே சொல்லுது. அவ மட்டும் நம்ப மாட்டேங்குறா.

— அவ நம்பாம இருக்கலாம். நான் இருக்கக் கூடாதாக்கும்.

— அது கதைடி. கடைசியில ராசா குதிரையில வந்து எறங்கிருவான். எறங்கலேன்னா கொட்டாய்க்காரனுக்கு யாரு காசு குடுப்பா? எனக்கு அதுல ஒண்ணுதான் புடிக்கல. அம்புட்டு லட்சணமா இருக்கா, சோத்த மட்டும் பீச்சாங்கையால அள்ளித் திங்கிறா. மாராப்பயும் மாத்திப் போட்டுருக்கா. பட்டணத்துப் பழக்கம் போல.

— துண்டுப் படத்துலயும் அப்படித்தான மதினி. தொரை வந்து நிக்கிறான், பட்டாளத்துக்காரவுக எல்லாரும் பீச்சாங்கையாலதான் சலாம் வக்கிறாக.

— வெள்ளக்காரனுக்கென்ன, கால் கழுவுறவனா அவன்? அவனுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். சரி, அந்தச் சேலையப் புழி. பொழுது எறங்குது. நாளைக்கு உங்க அண்ணன் வருசநாட்டுல இருந்து வர்றான். ஆக்கிப் போட அரிசி பொடைக்கணும்.

— அண்ணன் எதுக்கு வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அரிசி பொடைக்கச் சொல்லுறீக.

— தெரிஞ்சுதான் சொல்லுறேன்.

— என் தாலிய எறக்க வருது மதினி. உங்க தம்பிக்குக் கருமாதி வச்சுட்டு என்னயக் கூட்டிக்கிட்டுப் போக வருது.

— வேற என்னதான் செய்யச் சொல்லுற? பட்டாளத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போனானுக, செல்லப்பாண்டியும் நம்ம சுருளியும். ஒரே படையில ரங்கூனுக்குப் போனானுக. ரங்கூன்ல குண்டு விழுந்து செல்லப்பாண்டி செத்தான்னு தந்தி வந்துச்சு. இவன் என்ன ஆனான்னு ஒரு வார்த்த வரல. போன மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின சேதி அது. இன்னும் எத்தன நாளைக்கு வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்ப? உனக்கும் வயசு இருக்கு. உங்க அண்ணன் சொல்லுறதுல தப்பு இல்ல.

— கடுதாசி வரலன்னா செத்துட்டாகன்னு அர்த்தமா? உங்க தம்பிக்கு எழுதத் தெரியுமா? செல்லப்பாண்டி அண்ணன்தான எல்லாம் எழுதிக் குடுக்கும். அதுவே போயிருச்சு. அங்கன தமிழ் தெரிஞ்ச ஆளு எத்தன பேரு இருக்காகளோ.

— அதையெல்லாம் நானும் நெனச்சுப் பாத்தாச்சு. ஆத்தா செத்த பெறகு அவன எடுத்து வளத்தவ நானு. உனக்கு அவன் புருசன், எனக்குப் பிள்ள. இந்தா, கையப் பாரு. இந்த வருசம் அக்கினிச் சட்டி எடுத்துக் கொப்புளிச்ச கை. எதுக்கு எடுத்தேன்? கௌமாரி கண்ணத் தொறக்கல. அதுக்கு நீயும் நானும் என்ன செய்ய முடியும்?

— தொறந்துட்டா மதினி. அவதான் திருவிழாவுக்கு இந்தக் கொட்டாயக் கொண்டாந்து போட்டுருக்கா.

— திரும்பவும் ஆரம்பிக்காத.

— அந்தப் படத்துல பேசுற கொரலு என்ன சொல்லுது? ரங்கூனு விழுந்த பெறகு காட்டு வழியா நடந்தே தப்பிச்சு வந்த பட்டாளம்னு சொல்லுதுல்ல. அதுல அவுக இருந்தாகன்னா, குண்டுக்குத் தப்பிச்சாச்சுன்னுதான அர்த்தம். மரத்தடியில உக்காந்து தகரக் குவளையில என்னமோ குடிக்கிறாக. யாரோ கூப்புட்ட மாதிரி தலையத் திருப்பிச் சிரிக்கிறாக. வெத்தல மடிக்கிற நேரங்கூட இல்ல, அம்புட்டுத்தான். அப்பறம் ரயிலு வந்துருது. அதுக்குத்தான் மதினி தெனமும் போறேன்.

— சிரிப்பு அவன் சிரிப்புதான்டி. இல்லேங்கல.

— மூஞ்சி?

— மூஞ்சியும் அவன் சாடைதான். கன்னம் ஒட்டிக் கெடக்கு, பட்டினி கெடந்தா ஒட்டும். நேத்து அந்த மூஞ்சி தெரிஞ்சதும் எனக்கு இருப்புக் கொள்ளல. எந்திரிச்சு ஓடிப் போயித் துணியத் தொட்டுரலாம்னு கால் பரபரங்குது. அப்பறந்தான் காதப் பாத்தேன்.

— காது கிழிஞ்சுதான இருக்கு?

— கிழிஞ்சிருக்கு. சோத்தாங்கைப் பக்கக் காது கிழிஞ்சிருக்கு. என் தம்பிக்குக் கிழிஞ்சது பீச்சாங்கைப் பக்கம். கடுக்கன் போட்ட புதுசு. நான் இடுப்புல தூக்கிக்கிட்டு ஆட்டுப்பட்டி வேலியோரமா நடக்குறேன், முள்ளுல கடுக்கன் மாட்டிக்கிச்சு. தெரியாம இழுத்துட்டேன். காது ரெண்டாப் போயி என் தோளெல்லாம் ரத்தம். இந்தத் தோளு. அதப் போயி நான் மறப்பேனா?

— எனக்கும் பீச்சாங்கைப் பக்கம்னுதான் ஞாவகம்.

— பெறகென்ன?

— படத்துல பாத்த பெறகு, நாந்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன். கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசங்கூட ஒண்ணா இருக்கல. மொத மொத வெக்கம் விட்டு நான் தொட்டதே அந்தக் காதத்தான். வலிக்குமான்னு கேட்டேன். அக்கா கிழிச்சது, வலிக்காதுன்னு சொன்னாக. அதுவே எந்தப் பக்கம்னு கொழம்பிப் போச்சேன்னு நானே என்னயத் திட்டிக்கிட்டேன். பயமா இருக்கு மதினி. கொஞ்சங் கொஞ்சமா மறந்துருவேனோன்னு இருக்கு. கொரலு போயிருச்சு. எப்படிப் பேசுவாகன்னு நெனச்சுப் பாத்தா வர மாட்டேங்குது. மூஞ்சிதான் மிச்சம். அதுவும் அந்தத் துணியில வந்ததாலதான் மிச்சம்.

— அழாத.

— அது யாரோ ஒருத்தராவே இருக்கட்டும். உங்க தம்பி மாதிரிச் சிரிக்கிற யாரோ ஒருத்தர். நாளைக்கு என் கழுத்து வெறுங்கழுத்தாப் போகுது. அதுக்கு முன்ன ஒருக்கப் பாத்துட்டு வந்துடுறேன். ஒத்தையாப் போனா ஊரு பேசும். நீங்க கூட வந்து உக்காந்தாப் போதும். பாக்கக் கூட வேணாம்.

— பாக்க மாட்டேன். தலையக் குனிஞ்சு உக்காந்துருப்பேன். அது முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துரணும், ஆமா.

— ராணி பாட்டு?

— அத இருந்து கேக்கலாம். அது வேற.

— பொறுத்து நடங்க மதினி, ஆத்துக் கல்லு வழுக்குது. கொட்டாயில விளக்கு போட்டுட்டாக பாருங்க. டிக்கெட்டு குடுக்குற ராக்கையாண்ணன் வாசல்லதான் நிக்கிது.

— வா தாயி, வா. நம்ம யுத்தப் படத்துத் தாயி வந்துருச்சு. இன்னைக்கும் துண்டுப் படத்தோட எந்திரிச்சுட்டா நானே பிரிண்டக் கழட்டி உன் கையில குடுத்து அனுப்பிருவேன், ஆமா சொல்லிப்புட்டேன்.

— அந்தப் படம் இன்னைக்கும் உண்டுல்ல ராக்கையாண்ணே?

— உண்டு, உண்டு. சர்க்கார் உத்தரவு. அதப் போடலேன்னா லைசென்ஸ் போயிரும். யாரு தாயி கூட, மதினியா? நேத்து நீங்க மட்டுந்தான் கடைசி வரைக்கும் உக்காந்து கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போனீக. நான் பாத்தேன்.

— எங்கன உக்காரணும், அதச் சொல்லுய்யா. வழக்கம் போலப் பின்னாடியா?

— அங்கிட்டுப் போகாதீக. துணிய நனைக்க வச்சிருந்த தண்ணி அண்டா கவுந்து தரையெல்லாம் சேறு. நனைக்காட்டித் துணிக்குப் பின்னால இருக்கவுகளுக்குப் படம் ஊடுருவித் தெரியாதே, அதுக்குத்தான் அண்டா. இன்னைக்குப் பொம்பளைகளுக்கும் முன்பக்கந்தான். ஓரமாக் கயிறு கட்டி விட்டுருக்கேன்.

— ஆம்பளைக உக்கார்ற பக்கமா? இது என்னய்யா கூத்து.

— கயிறு கட்டிருக்கு தாயி, ஒருத்தன் தாண்ட மாட்டான். மெனக்கெட்டு வந்துட்டுத் திரும்பிப் போகாதீக. முன்பக்கம்னா மிஷின் வெளிச்சம் நேரா விழும், ஆளு அப்படியே கண்ணு முன்னால நிப்பாக. பின்னால இருந்தா எழுத்து திரும்பித் தெரியும்னு படிச்ச பொம்பளைகதான் சண்டைக்கு வரும். நீங்க என்ன படிக்கவா போறீக? மத்தபடி படம் எங்கிட்டு இருந்து பாத்தாலும் ஒண்ணுதான்.

— வாங்க மதினி. இங்கன இந்தக் கம்பத்துப் பக்கம் உக்காருவோம்.

— உக்காரு. கூட்டத்தப் பாக்காத. முக்காட்ட இழுத்துக்க.

— விளக்க அணச்சுட்டாக. மணி அடிச்சாச்சு.

— நான் குனிஞ்சுக்கிறேன். நீ பாத்துக்க. நல்லாப் பாத்துக்க ஆத்தா.

— கப்பல் வருது. அப்பறம் பீரங்கி. இது முடிஞ்சாத்தான் தொரை வருவான்.

— எனக்கு எதுக்குச் சொல்லுற? நாந்தான் பாக்கலன்னேனே.

— சும்மா சொல்லுறேன். தொரை வந்துட்டான் மதினி. இது என்ன, இன்னைக்கு வேற மாதிரி இருக்கு.

— படத்த மாத்திப் போட்டுட்டானா?

— அதே படந்தான். அதே தொரைதான், அதே மீசை. ஆனா எல்லாம் மாறிக் கெடக்கு. வரிசையா நிக்கிறவுக எல்லாரும் சோத்தாங்கையால சலாம் வக்கிறாக.

— என்னது?

— ஆமா மதினி. தொரையும் சோத்தாங்கையாலதான் வக்கிறான். நேத்து வரைக்கும் பீச்சாங்கையாலதான வச்சான்? பீச்சாங்கைப் பக்கமா நின்ன கொடி இப்ப சோத்தாங்கைப் பக்கமா நிக்கிது.

— எங்கிட்டுத் திரும்பி நிக்கிறானுக? தள்ளு. நான் பாக்கணும்.

— பாக்க மாட்டேன்னீக.

— தள்ளுடி கழுத. ஏய்யா முன்னால இருக்கவுகளே, தலப்பாவக் கழட்டுங்க. பவுனு, துணிக்கு அந்தப்பக்கந்தான நாம நேத்து உக்காந்துருந்தோம்?

— ஆமா. பின்னாடிதான்.

— என் கையப் புடி. புடிச்சுக்க. மரம் எப்ப வரும்?

— நடந்து வர்றவுக முடியணும். முடிஞ்சிருச்சு. இந்தா வருது மரம். அந்தா, குவளைய வச்சிக்கிட்டு உக்காந்துருக்காக. மதினி, எனக்குக் கண்ணு மறைக்குது. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. திரும்புறாகளா? சிரிக்கிறாகளா? காதப் பாருங்க மதினி. நீங்களே பாத்துச் சொல்லுங்க, எந்தப் பக்கம்?

— பீச்சாங்கைப் பக்கம். உங்க அண்ணன் நாளைக்கு வந்தா ஆக்கின சோத்தத் தின்னுட்டு வருசநாட்டுக்கு நடையக் கட்டச் சொல்லு. உன் தாலியத் தொட்டான்னா அவன் கைய ஒடிச்சிருவேன்.