எந்த சைஸ் யூனிபார்ம்?

"பொருளாதாரத்தப் பத்திக் கேக்காதக்கா. புள்ளைக்கு யூனிபார்ம் எந்த சைஸ்ல எடுத்தீங்கன்னு கேளு."

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் பேருந்தில், முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். வரும் வருடத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்பதற்கு, அவளும் பக்கத்தில் கண்ணாடி போட்ட அம்மாவும் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சொல்ற நீ?" என்றார் அந்த அம்மா.

"அடுத்த வருசம் நல்லா இருப்பீங்களான்னு கேட்டா, பாப்போம்னுதான் சொல்லுவாங்க. அத எந்தக் கட்டத்துல டிக் பண்ணுவ? யூனிபார்ம்னா உண்மை வந்துடும். பயந்துகினு இருக்கற வூட்ல, ரெண்டு வருசம் வரட்டும்னு பெரிசா எடுப்பாங்க. அடுத்த வருசம் புதுசு எடுத்துக்கலாம்னு தெம்பு இருந்தா, அளவா எடுப்பாங்க."

அந்த அம்மா கேள்வியை எழுதிக்கொண்டார். "சரி, கேக்கறவளே மொதல்ல சொல்லு. உன் பொண்ணுக்கு எப்டி எடுத்த?"

"போன தடவ பெரிசா எடுத்து, பாவாடைய ஒரு ஜாண் உள்ள மடிச்சுத் தெச்சேன்."

அந்த அம்மாவின் கையிலிருந்து கேள்வித்தாளை வாங்கிக்கொண்டாள்.

"இந்த வருசம் அளவாத்தான் எடுத்துக்கீறேன்கா. மடிப்பே வெக்கல."