பிரம்வெல் கவுண்டியில் பத்துப் பேர்

நான் அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. ஆனாலும் அயோவா மாநிலத்துப் பிரம்வெல் கவுண்டியில், 1875ஆம் ஆண்டில், எந்த ஊரில் யாரிடம் சப்பாத்துத் தைக்கக் கொடுக்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன். கோல்மன் மில்ஸ் என்றால் ஹென்றி வாட்ஸ். நியூ பேர்கன் என்றால் ஓலே தோர்சன். ஓலே கொஞ்சம் தண்ணி போடுகிறவர் என்று எனக்கு ஒரு எண்ணம், புத்தகத்தின் அடுத்த பதிப்பில் ஆளைக் காணவில்லை.

கௌசி பிள்ளை, கொம்பனி கேட்ட விளக்கத்தைத் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னது உங்கள் நல்ல மனம். நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர், இங்கே வேலை செய்தவரல்ல. ஆகவே முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஒஃபிஸுக்கு அமெரிக்காவின் பழைய புத்தகங்கள் போட்டோகொப்பியாய் வரும். கவுண்டி கவுண்டியாய், ஊர் ஊராய், அங்கே இருந்த தொழிலாளரின் பெயர்கள். தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுகிற அமெரிக்கர்களுக்கு அதையெல்லாம் டிஸ்க்கில் போட்டு விற்கிறார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே ரைப் செய்வோம். இரண்டையும் கொம்பியூட்டர் ஒப்பிடும். எங்கே வேறுபடுகிறதோ அந்த இடத்தை மட்டும் மேற்பார்வையாளர் இராஜேஸ்வரி மூலப் பக்கத்தோடு வைத்துப் பார்த்து, பிழை யாருடையது என்று குறிப்பா. இரண்டும் ஒத்துப்போனால் ஒருவரும் பக்கத்தைத் திறப்பதில்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே பிழையை விடமாட்டார்கள் என்பது இந்தத் தொழிலின் நம்பிக்கை.

1993 வசந்தத்தில் நான் சேர்ந்தேன். என்னோடு சோடியாய் ரைப் செய்தவன் நீக்கிலாஸ். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவன், குருநகர்ப் பக்கம், அங்கே வாத்தியாராய் இருந்தவன். பெண்சாதி மெற்றில்டாவும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுவதைத் தவிர அவனுக்கு வேறு கதை கிடையாது. பிள்ளைகளுக்கென்று சிவப்பில் இரண்டு வின்ரர் ஜாக்கெட் வாங்கிக் கதவடியில் கொழுவி வைத்திருந்தான். அலுவல் இழுபட இழுபட, ஒவ்வொரு இலையுதிர் காலமும் அவற்றைப் பழைய உடுப்புக் கடையில் கொடுத்துவிட்டு ஒரு சைஸ் பெரிதாய் எடுத்து வருவான். "அதுகள் வளருதுகள் எல்லே அண்ணை" என்பான்.

நீங்கள் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன். நான் ஊரில் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கிளாக்காய் இருந்தேன். என் தம்பி அருள்நாயகம் சைக்கிள் கடை வைத்திருந்தான், வெல்டிங்கும் செய்வான். தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலை சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. உடல் இல்லாமல் மரணத்தைப் பதிய முடியாது. அதே மேசையில் இருந்துகொண்டு எத்தனை பேரை நான் அப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன். தம்பியின் பெண்சாதி வந்தபோது அவவையும் திருப்பி அனுப்பினேன். சட்டம் அதுதான்.

கோல்மன் மில்ஸ் நல்ல ஊர். ஆற்றோரம் ஒரு மா ஆலை, கிழமைக்கு இரண்டு தரம் தபால், இரண்டு தேவாலயம். பீப்பாய் செய்கிறவர், வண்டில் செய்கிறவர், சேணம் தைக்கிறவர் என்று பதினெட்டுப் பேர். ஒரே ஆள்தான் கட்டிலும் செய்வார், சவப்பெட்டியும் செய்வார். கொல்லன் மட்டும் இல்லை. குதிரையும் வண்டிலும் இருக்கிற ஊரில் கொல்லன் இல்லாமல் எப்படி? விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். 1994 பெப்ரவரியில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், நீக்கிலாஸிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே?" என்றான். பிறகு பாணைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தான். "எத்தினையாவது வரி?"

அன்று பின்னேரம் இரண்டு பேரும் ஒரே வரியில் ஒரே எழுத்தில் என் தம்பியின் பெயரைக் கொல்லன் என்று அடித்தோம். கொம்பியூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து ஊர்களில் இருந்த நோர்வேக்காரர், போஹீமியக்காரர் பெயரெல்லாம் எங்களுடையதைவிட நீளம், ஆகவே கண்ணுக்கும் உறுத்தவில்லை. வீட்டுக்குப் போய் நாலு வருடத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு தம்பியின் பெண்சாதி, அவவும் பிறகு செத்துப்போனவ. அவவைத் தொப்பி தைக்கிறவ ஆக்கினேன். எங்கள் ஒழுங்கையில் செத்துப்போன நாலு பேருக்கு ஸ்ரோன் கிரீக் என்ற ஊரில் இடமிருந்தது. என்னோடு கந்தோரில் வேலை செய்த அமிர்தநாதர், ஷெல் பட்டுச் செத்தவர், அவரைத் தபால் அதிபர் ஆக்கினேன். எல்லாமாய் ஏழு. எல்லாம் நீக்கிலாஸும் சேர்ந்து அடித்தவை, ஆனால் அவன் எனக்காகச் செய்தது, அவனில் குற்றம் இல்லை. இதை இங்கிலிஷில் தெளிவாகப் போடுங்கள். அந்த ஏழு பேரும் எந்த நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்கள் என்று அயோவாவிலிருந்து ஒரு அம்மா கேட்டு எழுதியதால்தானே கொம்பனி இப்போது என்னிடம் வந்தது. நியாயமான கேள்வி.

இனி நீங்கள் கேட்காதது. ஆனால் அரைவாசி எழுதிவிட்டு நிறுத்துகிற பழக்கம் எனக்கில்லை.

1995 ஜூனில் ஒரு திங்கட்கிழமை நீக்கிலாஸ் என் மேசையடிக்கு வந்தான். "அண்ணை, இனிக் காணும். லோயர் வேலைக் கடிதம் கேட்டிருக்கிறார். இராஜேஸ்வரி அக்கா வெள்ளிக்கிழமை தாறன் எண்டவ. அதுக்கு முதல் ரெண்டு பேருமாப் போய் உண்மையைச் சொல்லி, அந்த ஏழு பேரையும் எடுத்துப்போடுவம். நாங்களாச் சொன்னா அவ மன்னிப்பா. டிஸ்க் போனாப் பிறகு பிடிபட்டா என்ரை சனம் அங்கைதான்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கடிதம் கொழும்பில் கனடாக்காரரின் விசா ஒஃபிஸுக்குப் போனால் மெற்றில்டாவுக்கு நேர்முகத் திகதி வரும். திகதி வந்த கடிதத்தைக் காட்டினால்தான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இயக்கம் பாஸ் கொடுக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

ஆனால் எடுத்துப்போடுவம் என்று சொல்லிவிட்டான். ஏழு பேரையும். அவன் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, குப்பை கொட்டப்போகிறவன் சொல்வதுபோல் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. கந்தோரில் தம்பியின் பெண்சாதி என் மேசைக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

"சரி, நானே சொல்லுறன்" என்றேன். "அதுக்கு முதல் கடைசியா ஒரு ஆள். உன்ரை ஐயாவுக்கு நாங்கள் ஒண்டும் செய்யேல்லை."

நீக்கிலாஸின் தகப்பன் சூசைப்பிள்ளை கடலுக்குப் போனவர், கடலிலேயே போனவர். அவருக்கும் உடல் இல்லை, பத்திரம் இல்லை. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. "ஐயாவுக்கு என்ன வேலை குடுப்பம் அண்ணை?"

"ஓடக்காரர். ஆறு இருக்குத்தானே. கோல்மன் மில்ஸ், இப்ப வந்திருக்கிற பதிப்பு, இருபத்திரண்டாவது வரி."

அவன் அடித்தான். நான் அடிக்கவில்லை.

நீங்கள் கனடாவில் வளர்ந்த பிள்ளை, இது விளங்குமோ தெரியாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. இங்கே வந்து இறங்கியவுடன் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடுகிறார்கள். நீக்கிலாஸின் சம்பளத் துண்டிலும் இராஜேஸ்வரியின் லிஸ்ட்டிலும் அவன் நீக்கிலாஸ் சூசைப்பிள்ளை. அடுத்த நாள் காலை அவவின் ஸ்கிறீனில், என்னுடைய பக்கத்தில் இல்லாத ஒரு வரி அவனுடைய பக்கத்தில் இருந்தது. மூலத்தில் அது இல்லை. அவனுடைய சொந்தக் கடைசிப் பெயருக்கு நேரே ஓடக்காரன் என்று போட்டிருந்தது.

அவ எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டா. நீக்கிலாஸ் என்னைப் பார்த்தான். "அண்ணை, நீங்கள்தானே சொல்லுறன் எண்டனீங்கள். சொல்லுங்கோ."

"எனக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி" என்று இராஜேஸ்வரியிடம் சொன்னேன். "நான் என்ரை பக்கத்தைப் பாத்து அடிச்சனான்."

அவன் வாயைத் திறந்திருந்தால் அந்த ஏழு பேரும் போயிருப்பார்கள். திறக்கப்போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது. இராஜேஸ்வரிக்கு மனம் பொறுக்கவில்லை, இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட ஆளுக்கு அவ எப்படிக் கடிதம் கொடுக்கிறது? ஓடக்காரரின் வரியை அழித்துவிட்டா. அது சரிதான், புத்தகத்தில் இல்லாத பெயர்.

இலையுதிர் காலத்தில் அவ வேறு பிரிவுக்குப் போனா. பிழை குறைந்த ஆள் என்று மேற்பார்வைக் கதிரையை எனக்குத் தந்தார்கள். நான் கேட்கவில்லை.

கடிதம் இல்லாததால் திகதி வரவில்லை, திகதி இல்லாததால் பாஸ் கிடைக்கவில்லை. ஒக்ரோபர் முடிவில் ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. அன்றைக்கு ஒருவரிடமும் பாஸ் கேட்கவில்லை. மெற்றில்டா பிள்ளைகளோடு தென்மராட்சி வரைக்கும் நடந்து போய், பிறகு கிளாலியில் கடலேரியைக் கடக்க வள்ளம் ஏறினா. சனம் கூடின வள்ளம். நடுவில் கவிழ்ந்தது. மகள் ஜெனிற்றாவுக்குப் பதினொரு வயது, மகன் அன்ரனுக்கு எட்டு.

செத்தவீடு கேட்க நானும் போனேன். ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நீக்கிலாஸ் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டான்.

கடன்பட்டவன் மாதிரி எனக்கு இருந்தது. கதிரை இப்போது என்னுடையதுதான், எந்த வரி சரி எந்த வரி பிழை என்று சொல்வது நான்தான். டிஸ்க் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. கோல்மன் மில்ஸில் நல்ல இடமாய்ப் பார்த்து, ஆலைக்குப் பக்கத்தில், மெற்றில்டாவை உடுப்புத் தைக்கிறவ என்று போட்டேன். மகளைப் பள்ளிக்கூட ரீச்சர் ஆக்கினேன். மகன் ரெயில் ஸ்ரேஷன் ஏஜன்ட், எட்டு வயதில் எந்தப் பையனுக்கும் அது பிடித்த வேலைதான். மூவருக்கும் கடைசிப் பெயர் அவன் பெயர்தான், நீக்கிலாஸ். வெள்ளைக்காரப் பெயர் மாதிரியே இருப்பதால் கொம்பனி தேடியபோது அவர்கள் அகப்படவில்லை. ஏழல்ல பிள்ளை, பத்து. திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மோர்னிங்சைட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். கதவடியில் அந்த இரண்டு சிவப்பு ஜாக்கெட்டும் அப்படியே கொழுவியிருந்தன. இப்போது அவற்றை அவன் மாற்றுவதில்லை. பக்கத்தைக் கொடுத்து மூன்று வரியையும் விரலால் காட்டினேன். அவன் நெடுநேரம் வாசித்தான். நல்லாய்த்தான் வாசிக்கிறான், வாத்தியார் அல்லவா.

"அவையை அங்கையிருந்து எடுங்கோ அண்ணை" என்றான்.

இனி ஏலாது, டிஸ்க் அடித்து விற்பனைக்கும் போய்விட்டது என்று விளங்கப்படுத்தினேன். அவன் பக்கத்தை மடித்து என் கையில் திருப்பித் தந்தான். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் சப்பாத்து மாட்டி முடியும்வரைக்கும் நின்றான். கவலையில் இருக்கிற ஆள். கொஞ்சக் காலம் போக அவனுக்கே விளங்கும்.

கொம்பனி என்னை நிற்பாட்டுவதென்றால் நிற்பாட்டட்டும். பெயர்களை மட்டும் எடுக்கவேண்டாம் என்று கேட்டு எழுதுங்கள். ஆறு வருடமாய் அவன் அந்த மூன்று பேரையும் கூப்பிட அலைந்தான். கடைசியில் நான்தான் கூப்பிட்டுவிட்டேன். கோல்மன் மில்ஸில் என்னிடம் யாரும் வேலைக் கடிதம் கேட்கவில்லை.