யாரோ வெளிய நிக்கிறாங்களாம்

...அதைத்தான் கேக்குறேன் தம்பி, இது துறைமுகமா, இல்ல பொம்மைக் கடையா? வாசல்ல வந்து நிக்கிறேன், ஒரு ஈ காக்கா கிடையாது. ஒரே ஒரு கேமரா. அது லாரி நம்பரைப் பாக்குது, என் மூஞ்சியைப் பாக்குது, கேட்டைத் தூக்கிடுது. முடிஞ்சுபோச்சு! "வாங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை உண்டா? "என்னம்மா, வீட்டுக்காரருக்கு முதுகு வலி எப்படி இருக்கு"ன்னு ஒரு விசாரிப்பு உண்டா? ஒண்ணும் கிடையாது. ஸ்கிரீன்ல மட்டும் எழுதுறான், "அன்பான வாடிக்கையாளரே"ன்னு. யாருக்கு யாரு மேல அன்பு? நான் வாடிக்கையாளரே இல்லையே, வாடிக்கையாளரோட லோடு ஏத்த வந்த லாரிக்காரி! அந்த வித்தியாசம்கூட தெரியாததுக்கு அன்பு ஒரு கேடு.

கதவை இன்னும் கொஞ்சம் திறங்க தம்பி, கண்ணாடிக்குப் பின்னாடி நின்னா நான் பேசுறது உங்களுக்கு எப்படிக் கேக்கும்... ஆங், இது போதும். நீங்க வெளிய வராதீங்க. வேணாம் வேணாம், உள்ளயே நில்லுங்க! காலடியில இருக்குதே ரப்பர் பலகை, அதை மிதிச்சுக்கிட்டே நிக்கணும். காலை எடுத்தீங்கன்னா, லாரியை விட்டு இறங்கி டிரைவருங்க நிக்கிற இந்த அறையில ஆள் இல்லைன்னு மெஷின் நினைச்சுக்கும், அப்புறம் கிரேன் உங்க லாரிகிட்டயே வராது. இது தெரியாம நிறைய பேரு அவஸ்தைப்படுறாங்க. நான் இப்படி உங்க கதவோரமா நின்னுக்கறேன். எனக்கென்ன, குடை இருக்கு.

என் அறையா? அதோ, பக்கத்துல, மூணாம் லேன்ல. பச்சை லைட் எரியுது பாருங்க... என்ன, ஆச்சரியமா இருக்கா? ஆள் இங்க நிக்குது, அங்க எப்படிப் பச்சை லைட்டுன்னு? ஹா! டூல் பொட்டியைத் தூக்கிப் பலகை மேல வச்சுட்டேன். வெயிட்டு பத்தலைன்னா என்ன பண்றதுன்னு தண்ணி கேனையும் சேத்து வச்சேன். இப்ப மெஷினைப் பொறுத்தவரைக்கும் நான் உள்ள சமத்தா நின்னுக்கிட்டிருக்கேன். எவ்வளவு கோடி கொட்டிக் கட்டினா என்ன தம்பி? ஒரு டூல் பொட்டிக்கும் ஒரு பொம்பளைக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியலையே!

பின்ன என்ன பண்றது? அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள எவ்வளவு நேரம்தான் ஒத்தையில நிக்கிறது? பேச ஆள் கிடையாது. சுவத்துல ஒரு ஸ்கிரீன், அதுல மூணு மூஞ்சி. ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு உம்முன்னு இருக்கு, ஒண்ணு அழுவுது. "எங்கள் சேவை எப்படி?"ன்னு கேட்டு ஒண்ணைத் தொடச் சொல்றான். இன்னும் சேவையே பண்ணலையேடா! சரி போகட்டும்னு அழுவுற மூஞ்சியைத் தொட்டேன். "மிக்க நன்றி"ங்குது. மறுபடி தொட்டேன். மறுபடியும் "மிக்க நன்றி". சண்டைக்கு வரவே மாட்டேங்குது தம்பி! ஒரு மனுஷன் இருந்தா நான் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு சொல்ல, நேரம் போறதே தெரியாது.

...என்ன தம்பி, கும்பிடுறீங்க? சேச்சே, கையை இறக்குங்க. எனக்கு அப்படியொண்ணும் வயசாகிடலை.

அங்க பாருங்க அந்த வண்டிங்களை. கப்பல்லேர்ந்து கன்டெய்னரைச் சுமந்துக்கிட்டு வருது, டிரைவர் சீட்டே கிடையாது. தலையில்லாத முண்டம் மாதிரி தானா வருது, தானா திரும்புது, எதிர்ல ஒண்ணு வந்தா நின்னு வழி விடுது. எங்க வீட்டுக்காரர் ஆயுசுல ஒரு தடவை யாருக்காவது வழி விட்டிருப்பாரா? அந்த வகையில மெஷின் தேவலைன்னு வச்சுக்குங்க. நல்லதை நல்லதுன்னு சொல்லணும்ல. கப்பல் கரை சேர்றதுக்கு முன்னாடியே எந்தப் பொட்டி எந்த அடுக்குல உக்காரணும்னு கணக்குப் போட்டு வச்சிருமாம். என் போன்லயே சேதி வந்துடுச்சு, "உங்கள் கன்டெய்னர் தயார்"னு. தயார்னா குடுக்கணுமா இல்லையா? அதோ, மலை மாதிரி நிக்குதே கிரேன், இந்த அஞ்சு லேனுக்கும் அது ஒண்ணுதான். கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்குது பாருங்க!

...கேட்டீங்களா, கேட்டீங்களா! ஸ்பீக்கர்ல மறுபடியும் சொல்றான். "கவனிக்கவும். லேனில் ஆள் நடமாட்டம். பாதுகாப்புக்காகக் கிரேன் நிறுத்தப்பட்டுள்ளது." இப்பத்தான் விஷயமே புரியுது! யாரோ வெளிய நிக்கிறாங்களாம், தம்பி. எவனோ ஒருத்தன் பொறுப்பில்லாம அறையை விட்டு இறங்கிச் சுத்திக்கிட்டிருக்கான். ஆள் மேல பொட்டி விழுந்துடக் கூடாதுன்னு மெஷின் அப்படியே நின்னுபோகுது. அது மேல தப்பில்ல. அந்த ஆளைத்தான் சொல்லணும்! அவன் ஒருத்தனால அஞ்சு லேன்லயும் லாரிங்க வெயில்ல காயுது. நீங்க, நானு, பாவம் அந்த அஞ்சாம் லேன் பெரியவரு... ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சுட்டாரு மனுஷன். எவன்னு மட்டும் தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன். கண்டிப்பா ஆம்பளையாத்தான் இருப்பான். பொம்பளைங்களுக்கு இந்த விஷயத்துல ஒரு பொறுப்பு உண்டு.

என்ன, என்னைக் காட்டுறீங்க? நான் போய்க் கேக்கணுமா? வேணாம் தம்பி, நான் போய் அவனைத் தேடிக்கிட்டு லேன்ல நடந்தேன்னா அது இன்னும் மோசமாயிடும். ஒழுங்கா ஒரே இடத்துல நிக்கிறதுதான் நல்லது... இப்ப ஏன் மேல காட்டுறீங்க? ஆமா, எல்லாத்தையும் மேல இருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். கேமராவா? அட, கேமராவும்தான் பாத்துக்கிட்டிருக்கு. அது அந்த ஆளைப் பிடிக்காம விடுமா?

சிரிச்சுப் பேசுறேனேன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு இந்தப் பொட்டி சீக்கிரம் கைக்கு வரலைன்னா என் கதை கந்தல். உள்ள என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? தங்கமா, வைரமா? கக்கூஸ் பீங்கான்! பூரா கக்கூஸ் பீங்கான். குளியலறைச் சாமான் கடைக்காரர் ஒருத்தர், பெரிய கை, அவரோடது. இந்தக் கப்பல்ல அவருக்கு ரெண்டு பொட்டி வந்திருக்கு. ஒண்ணை எனக்குக் குடுத்திருக்காரு, இன்னொண்ணை வேற எவனுக்கோ குடுத்திருக்காரு. "ரெண்டு பேர்ல யாரு முதல்ல கடை வாசலுக்குக் கொண்டு வர்றீங்களோ, வருஷம் பூரா என் லோடு அவங்களுக்குத்தான்"னு சொல்லிட்டாரு. குதிரைப் பந்தயம் விடுற மாதிரி விடுறாரு மனுஷன். ஆனா வருஷம் பூரா லோடுன்னா சும்மாவா?

...தம்பி? என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? எனக்காகக் கவலைப்படுறீங்க. தங்கமான புள்ளை. உங்க அம்மா நல்லா வளத்திருக்காங்க.

எங்க கொழுந்தனாரு இருக்காரே, என் ஓரகத்தி பேச்சைக் கேட்டுக்கிட்டு, தினம் வீட்டுக்கு வந்துடுறாரு. "அண்ணி, அண்ணனுக்கோ முதுகு போச்சு, நீங்க எதுக்கு இந்த வயசுல ஸ்டியரிங் பிடிக்கணும்? லாரியை எங்கிட்ட விட்டுட்டு வீட்டுல நிம்மதியா உக்காருங்க"ங்குறாரு. நிம்மதியா? வீட்டுல உக்காந்து யார்கிட்ட தம்பி பேசுறது? எங்க வீட்டுக்காரர் காலையில "ம்"ம்பாரு, ராத்திரி "ம்"ம்பாரு. நடுவுல டிவி. லாரியில போனா டீக்கடையில நாலு பேரு, டயர் கடையில ரெண்டு பேரு, லோடு இறக்குற இடத்துல ஒருத்தரு... மனுஷங்களைப் பாக்கலாம். அதை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? அழுகையே வருது எனக்கு. இந்த வருஷ வேலை மட்டும் கைக்கு வந்துட்டா, கொழுந்தனாரு வாயை ஒரேயடியா அடைச்சுடுவேன்.

அந்த இன்னொரு லாரிக்காரன் எப்படி இருப்பான்னு நேத்துலேர்ந்து யோசிக்கிறேன். கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, பபிள்கம் மென்னுக்கிட்டு, ஒரு திமிர் பிடிச்ச ஆளாத்தான் இருப்பான். ஆனா பாவம், அவனுக்கு ஒண்ணு தெரியாது. எல்லாரும் அந்தக் கடைக்கு முன்பக்கமாப் போய் டிராஃபிக்ல மாட்டிக்குவாங்க. நான் மார்க்கெட்டைச் சுத்தி, பழைய மர டிப்போ வழியா பின்வாசலுக்குப் போயிடுவேன். அங்க காவலுக்கு இருக்கிறவரு நம்ம ஆளு. லாரிக்கார அக்கா அனுப்புனாங்கன்னு சொன்னா உடனே கேட்டைத் திறந்து விடுவாரு. நீங்க அந்தப் பக்கம் எப்பவாவது போனா தாராளமா சொல்லுங்க, உங்களுக்கு இல்லாததா?

உங்க லோடு என்னதுன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. சர்க்கரையா? பேப்பரா? பேப்பராத்தான் இருக்கும், உங்களைப் பாத்தா படிச்ச புள்ளை மாதிரி இருக்கு... இல்லையா? சரி, அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க. நீங்க ரொம்ப அமைதி. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ஆனா அவரு அமைதி வேற, எரிச்சலைக் கிளப்புற அமைதி. உங்களுது அப்படி இல்ல, நல்லாக் காது குடுத்துக் கேக்குறீங்க. ...அட, மறுபடியும் கும்பிடுறீங்களே! ஏன் கண்ணெல்லாம் கலங்குது? என் கதை அவ்வளவு உருக்கமாவா இருக்கு?

இருங்க, இருங்க... ஸ்பீக்கர்ல வேற குரல்! இது மெஷின் இல்ல தம்பி, மனுஷக் குரல்! இருமுறான், கேட்டீங்களா? மெஷின் இருமுமா? வணக்கம் சார்! இந்தத் துறைமுகத்துல ஒரு உயிர் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது! நல்லா இருக்கீங்களா சார்? எவனோ ஒருத்தன் வெளிய சுத்துறானாம் சார், அவனை முதல்ல...

என்ன சொல்றாரு? குடையோட நிக்கிற அம்மாவா? எந்தம்மா? இங்க குடையோட... ரெண்டாம் லேன் கதவுகிட்டயா... மூணாம் லேன் அறையில ஆள் இல்லையாம்... ஒரு டூல் பொட்டியும் தண்ணி கேனும் மட்டும் நிக்குதாம்.

...

தம்பி.

நானா?

நீங்க சொல்லக் கூடாதா தம்பி! இவ்வளவு நேரமா நான் வாய் கிழியப் பேசிக்கிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு கும்பிட்டுக்கிட்டு நின்னா எனக்கு எப்படித் தெரியும்? சொன்னீங்களா? எப்ப சொன்னீங்க? நான் எங்க விட்டேன்... ஆமா, நான் விடலை. ஐயோ, வெக்கமா இருக்கு. பலகையை ஏமாத்தினாலும் மேலேர்ந்து கேமரா பாக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்! மன்னிச்சுக்குங்க சார்! அஞ்சாம் லேன் பெரியவரே, மன்னிச்சுக்குங்க! திட்டாதீங்க, போறேன், போயிட்டேன். இந்தா, பொட்டியைத் தூக்கிட்டேன், கேனைத் தூக்கிட்டேன், மிதிச்சுட்டேன். கதவை மட்டும் ஒரு விரக்கடை திறந்து வச்சிருக்கேன் தம்பி, உங்களோட பேசணும்ல.

அம்மாடி, அசையுது! பாருங்க, எவ்வளவு பெரிய உருவம், பூனை மாதிரி வருது! முதல்ல உங்களுக்குத்தான் இறக்குது. சரிதான், நீங்கதானே எனக்கு முன்னாடி வந்தீங்க. நூல் பிடிச்ச மாதிரி உக்கார வச்சிடுச்சே! ஒரு சத்தம் இல்ல. அதுபாட்டுக்கு விட்டா எவ்வளவு அழகா வேலை செய்யுது. சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டுடலாம் போல இருக்கு.

கிளம்பிட்டீங்களா? அதுக்குள்ள ஏறிட்டீங்களே, பேரைக்கூட கேக்கலை நான். பாத்துப் போங்க தம்பி. எனக்கும் வந்துடுச்சு! அந்தா, என் பொட்டி! தலைக்கு மேல வந்துடுச்சு, மெல்ல இறங்குது... இன்னும் நேரம் இருக்கு, பிடிச்சுடலாம், அந்தத் திமிர் பிடிச்சவன் எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறானோ...

என்ன தம்பி? எட்டிப் பாத்து என்ன கத்துறீங்க? எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை... நன்றியா? எனக்கு எதுக்கு நன்றி? வழி சொன்னதுக்கா? எந்த வழி... மர டிப்போ வழியா?

உங்க லோடு என்ன தம்பி?

...பீங்கானா?

டேய்! நில்லுடா! தம்பி, நில்லுங்க தம்பி! லாரியை நிறுத்துங்க! அது என் வழி, என் காவலாளி, என் வருஷம்! ஓடி வர்றேன், நில்லுங்கன்னா... வெளிய வந்து கத்துறேனே, கண்ணாடியில தெரியலையா? நில்லு...

யாரு? மறுபடியும் நீங்களா சார்? எனக்கு இப்ப பேச நேரமில்ல சார்! அதெல்லாம் இருக்கட்டும், என் பொட்டி ஏன் சார் பாதியில தொங்குது? லாரிக்கு ஒரு முழம் மேல நிக்குதே, இறக்கச் சொல்லுங்க! யாரு வெளிய நிக்கிறாங்களாம்?

...நான்தான் சார்.